நடிப்பு அல்ல, நோய்

"நேத்துக் கடைவீதி வரைக்கும் நடந்து போனவ, இன்னைக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எல்லாம் வேலைக்குப் பயந்துக்கிட்டு." காரியாபட்டிப் பக்கம் இப்படிப் பேச யாருக்கும் அதிக நேரம் ஆகாது. ஆனால் நேற்று நடந்து இன்று தடுமாறுவதே குணமாக ஒரு நோய் இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பார்கள். தமிழில் தண்டுவட மரப்பு நோய்.

மின்சார வயரின் மேலுறை உரிந்தால் என்ன ஆகும்? நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். மூளை, தண்டுவடம், கண் நரம்பு எதிலும் வரலாம். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். பலருக்கு வந்து, தணிந்து, மறுபடி வரும்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1822இல் அவருக்குப் பார்வை மங்கியது. வைத்தியம் இல்லாமலே தெளிந்தது. சில வருஷங்களில் மறுபடி மங்கியது, பிறகு கால்கள் தளர்ந்தன. எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1848இல் இறக்கும்வரை தன் நோயின் பெயர் அவருக்குத் தெரியாது. அரச குடும்பத்துக்கே அந்த நிலை.

அவர் இறந்து 20 வருஷம் கழித்து, 1868இல், பாரிஸில் சார்க்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். உயிரோடு இருந்தபோது நோயாளி பட்ட அவஸ்தையையும், இறந்தபின் நரம்பு மண்டலத்தில் கண்ட தழும்புகளையும் பொருத்திப் பார்த்தார்.

1890இல் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சி செய்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கவனித்தார். உடம்புச் சூடு ஏறுவதே காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதனால் ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, தொல்லை கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். 1980களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்ததும் அந்தச் சோதனைக்கு வேலையில்லாமல் போனது.

நம் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். இந்த நோயாளி அடுப்படியில் நின்றால் கால் துவள்கிறது; ஈரத்துண்டைப் போர்த்தி நிழலில் உட்கார்ந்தால் மெல்லத் தெளிகிறது. விடிகாலையில் வேலையை முடித்துவிட்டு உச்சிவெயிலில் படுத்துக்கொள்வது அவருக்குச் சோம்பல் அல்ல. வைத்தியத்தில் ஒரு பாதி.

மறுபாதி மருந்து. 1993இல்தான் நோயின் போக்கையே குறைக்கும் முதல் ஊசிமருந்து, இன்டர்ஃபெரான் பீட்டா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப்பின் பல மருந்துகள் வந்துவிட்டன. நோயை அடியோடு போக்க இன்னும் மருந்தில்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்க முடிகிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

நம் நாட்டில் 1985இல் மும்பையில் இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் தொடங்கியது. தொடங்கிய ரஹ்மத் ஃபஸல்பாய் அம்மையாருக்கே இந்த நோய் இருந்தது. சென்னையிலும் கிளை உண்டு. 1995ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைகளில் இந்த நோய்க்கு இடமில்லை. 2016ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகைகளைச் சொல்லி, இதையும் பெயரிட்டுச் சேர்த்தது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் பெற்றால் சலுகைகள் கேட்கலாம். விருதுநகரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இளவயதில் ஒருவருக்கு ஒரு கண் வலித்துப் பார்வை மங்கினாலோ, கை கால் நாள்கணக்கில் மரத்துப்போனாலோ, தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, நடிக்கிறாள் என்று யாராவது சொன்னால், அது நோயாகவும் இருக்கலாம் என்று நாமாவது எடுத்துச் சொல்வோம்.