மகுடியாய் ஒலித்த மின் கருவி



பிறர் சொல்லக் கேட்டதைப் புதுக்கடை நீதிமன்றங்களில் பொதுவாகச் சாட்சியமாக ஏற்பதில்லை. தன் செவியால் நேரே கேட்டதற்கே அங்கு மதிப்பு. ஆயினும், நேரே கேட்ட செவியும் ஏமாறுவதுண்டு. அதற்கு இசை வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூற விழைகின்றேன்.

1954ஆம் ஆண்டில் ‘நாகின்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. வைஜயந்திமாலா நடித்த அப்படத்துக்கு ஹேமந்த் குமார் இசையமைத்தார். லதா மங்கேஷ்கர் பாடிய ஒரு பாட்டில் பாம்பாட்டியின் மகுடி ஒலிக்கும். 1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தமையால், இந்திய நேயர்கள் கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியை நாடியிருந்த காலம் அது. பாட்டைக் கேட்டோர் மகுடி என்றே நம்பினர். உண்மையில் ஒலித்தது கிளாவியோலின் என்னும் மின் கருவி. அதனை வாசித்தவர் கல்யாண்ஜி. ஆர்மோனியத்தில் துணைநின்றவர் ரவி. இருவருமே பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆயினர்.

கிளாவியோலினை 1947இல் பிரான்சு நாட்டில் கொன்ஸ்டன்ட் மார்ட்டின் என்னும் பொறியியலாளர் அமைத்தார். மூன்று ஸ்தாயி அளவுள்ள சிறு விசைப்பலகை ஒன்று. ஒலிபெருக்கிப் பெட்டி தனியே ஒன்று. வானொலிப் பெட்டியில் உள்ளவை போன்ற வால்வுகள் மின் அலையை எழுப்பும். ஒரு சமயத்தில் ஒரே சுரந்தான் பிறக்கும்.

இக்குறையே நமது இசைக்கு நிறைவாயிற்று. நமது இசை ஒற்றைச் சுர வரிசையில் நடப்பதன்றோ? மகுடியோ சுரைக்குடுக்கையில் பொருத்திய நாணற் குழல்களால் ஆயது. ஊதுவோன் மூச்சறாமல் ஊதுவான். கிளாவியோலினின் இரைச்சல் கலந்த ஒலி நாணலின் மூக்கொலியை ஒத்தது. விசையை அழுத்தியிருக்கும்வரை அறாது நின்றது. மேலும், விரைவான முதல் அலையை மெதுவான இரண்டாம் அலை ஒன்று ஆட்டுவிக்க, சுரம் நடுங்கும். அந்நடுக்கத்தை வாசிப்போர் வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம். முழங்காலால் தள்ளும் நெம்புகோல் ஒலியைப் பெருக்கவும் அடக்கவும் உதவும்.

ஆனால் பொறியின் நடுக்கம் என்றும் ஒரே சீரானது, கமகம் அவ்வாறானதன்று. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லவும் விசைப்பலகையால் இயலாது. அக்குறையை நிரப்புவது, அண்டைச் சுரங்களை நொடியில் தொட்டு மீளும் விரல்களே. ஆகவே, செவியை மயக்கிய பெருமையிற் பாதி பொறிக்குரியது; மறுபாதி வாசித்த கைக்குரியது.

1962இல் வானிற் சென்ற ‘டெல்ஸ்டார்’ செய்மதியின் பெயரால் இங்கிலாந்தில் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த இசைத்தட்டிலும் இவ்வினத்துக் கருவியே முழங்கியது. அதே ஆண்டுகளில் திரான்சிஸ்டர் ஓகன்கள் பரவின. வால்வுக் கருவி வழக்கொழிந்தது. இன்று பழம்பொருள் சேகரிப்போரிடமே அது கிடைக்கும். வாங்க விரும்புவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: பலகை மட்டும் கிடைத்தாற் போதாது, அதனுடன் பிறந்த ஒலிபெருக்கி ஒலியைச் சற்றே சிதைத்துத் தருவதும் அக்குரலின் பகுதியேயாகும்.

கருவி மறைந்தாலும் பாட்டு நிலைத்திருக்கின்றது. அடுத்த முறை அம்மகுடியைக் கேட்கும்போது, பாம்பாட்டியை மட்டுமன்றி, விசைப்பலகை முன் அமர்ந்திருந்த அந்த இளைஞரையும் நினைவுகூருங்கள். அவருக்குரிய கடனை நம் செவி அவ்வாறே தீர்த்தல் கூடும்.