இருபது ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்த கணிப்பொறி

ஒரு பக்கம் நீளும் கணக்கைச் செய்து முடித்த பின், நடுவில் எங்கோ ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிட்டதைக் கண்டு நீங்கள் மனம் சோர்ந்ததுண்டா? அப்படியானால், இருபது ஆண்டுகள் நீண்ட ஒரு கணக்கைத் தனியொருவராகச் செய்து முடித்த பிரெஞ்சு வானியலார் சார்ல் டெலோனேயின் கதை உங்களுக்கு வியப்பளிக்கும்.

பூமி மட்டுமே இழுத்தால் சந்திரன் ஒரே நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் சூரியனும் இழுக்கிறது. ஆகவே அந்த நீள்வட்டம் ஓயாமல் உருவும் திசையும் மாறுகிறது. இதைச் சிறு வாய்பாட்டில் அடக்க இயலாது. உறுப்பு உறுப்பாக நீளும் தொடராகவே எழுத வேண்டும். டெலோனே அத்தொடரை எண்களால் அல்ல, எழுத்துகளாலேயே அமைத்தார். ஏன் தெரியுமா? எண்களைப் பிரதியிட்டுவிட்டால் விடை அந்த எண்களுக்கு மட்டுமே பொருந்தும். எழுத்துகளாக விட்டுவைத்தால், ஒரு விளைவு பாதையின் சாய்வால் வந்ததா, நீள்வட்டத் தன்மையால் வந்ததா என்பது கோவையைப் பார்த்ததுமே விளங்கும்.

கணக்கிடப் பத்து ஆண்டுகள், சரிபார்க்க மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 1860இலும் 1867இலும் இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 பக்கம். 1872இல் செர்பூர் துறைமுகத்தருகே படகு கவிழ்ந்து டெலோனே உயிரிழந்தார். அவர் கணக்கு சரிதானா என்று முழுவதும் பார்க்க விரும்பும் ஒருவர் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளைக் கொடுக்க வேண்டுமே!

கணிப்பொறி என்றதும் எண்களே நினைவுக்கு வரும். மூன்றில் ஒரு பங்கை அது 0.3333 என்று சுருக்கி வைத்துக்கொண்டால், மூன்றால் பெருக்கும்போது 1 கிடைக்காது, 0.9999தான் கிடைக்கும். ஆனால் பின்னத்தைப் பின்னமாகவும், எழுத்தை எழுத்தாகவும் வைத்துக்கொண்டு விதிப்படி மாற்றவும் அதற்குக் கற்பிக்கலாம். எக்ஸின் வர்க்கத்தை வகையிட்டால் இரண்டு எக்ஸ் என்பதும் ஒரு விதிதானே? 1953இல் அமெரிக்காவில் இரு மாணவர்கள், தனித்தனியே, வகையிடும் ஆணைத்தொடர்களை எழுதினார்கள். இதுவே கணிப்பொறி இயற்கணிதத்தின் தொடக்கம்.

இயற்பியலாரும் இதை நாடினார்கள். அடிப்படைத் துகள்களைப் பற்றிய ஒரு கணக்கின் நடுவில் ஏறத்தாழ 50,000 உறுப்புகள் கொண்ட கோவை எழுந்தது. அதைச் சமாளிக்க, ஹாலந்து நாட்டு மார்ட்டினுஸ் வெல்ட்மன் 1963இல் ஸ்கூன்ஸ்கிப் என்ற ஆணைத்தொகுப்பை எழுதினார். அவர் பின்னர் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

1970இல் டெலோனேயின் முறையும் வந்தது. அமெரிக்காவில் போயிங் நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தில் தெப்ரி, ஆன்ரார், ரோம் ஆகிய மூவர் அவருடைய தொடரைக் கணிப்பொறியில் மீண்டும் உருவாக்கினார்கள். சுமார் 20 மணி நேரம் போதுமானதாயிற்று. கண்ட பிழைகள் எத்தனை? மூன்றே மூன்று! அவற்றிலும் இரண்டு, முதற்பிழையின் விளைவாக வந்தவை.

இங்கே ஒரு கேள்வி எழலாம்: மனிதனைப் பொறி சரிபார்த்தது, பொறியைச் சரிபார்த்தவர் யார்? சற்றே சிந்தியுங்கள். அம்மூவரும் டெலோனேயின் வழியிலேயே செல்லாமல், வேறொரு புதிய முறையைக் கையாண்டார்கள். வெவ்வேறு வழியில் சென்ற இருவர் ஒரே ஊரில் சந்தித்தால், இரு வழியும் சரியென்று நம்பலாம் அல்லவா? டெலோனேயின் பிழைகளைப் பொறி காட்டியது; பொறியின் நம்பகத்தன்மைக்கு டெலோனேயின் நூல் சான்றளித்தது.

1968இல் தொடங்கிய மாக்சைமா வழியில் வந்த மாக்சிமா போன்ற தொகுப்புகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்களும் பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் கணக்கைக் கையால் செய்யுங்கள். பிறகு பொறியிடம் கேளுங்கள். இரு விடைகளும் வேறுபட்டால் பொறியே சரி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கேள்வியைத் தட்டச்சு செய்தவரும் நீங்கள்தானே!