ஸ்டாப்வாட்ச் முதல் செல்பேசி வரை: தொழிலாளியை அளந்த வரலாறு

தொழிலாளி ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று முதலாளி கவனிப்பது புதிதல்ல. அதற்குத்தான் மேஸ்திரிகள் இருந்தார்கள். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு, கருவி வைத்து அளப்பது வேறு. இப்படி அளப்பதற்குச் சட்டம் எங்கே எல்லை போடுகிறது என்று ஆராய்ந்து வருபவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இஃபியோமா அஜுன்வா. 2023-ல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பைத் தமிழில் ‘எண்ணாக்கப்பட்ட தொழிலாளி’ எனலாம்.

இந்த வரலாறு பிரெடெரிக் டெய்லரிடம் தொடங்குகிறது. ஒரு வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்வாட்ச் பிடித்து, ‘இதற்கு இவ்வளவு நேரம்தான்’ என்று விதிப்பது அவர் முறை. 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவ ஆயுதச் சாலைக்கு அந்தக் கடிகாரம் வந்தது. வார்ப்படத் தொழிலாளர்கள் கொதித்துப் போனார்கள். இது தங்களுக்கு அவமானம் என்று மனு எழுதிவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்!

வேலைநிறுத்தம் சில நாட்களில் முடிந்துவிட்டது. ஆனால் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. 1912-ல் டெய்லரே விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1915-ல், ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளப்பதற்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று ராணுவச் செலவு மசோதாவிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. 1949 வரை அந்தத் தடை நீடித்தது. தனியார் ஆலைகளை அது தொடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதன் பிறகும் அமெரிக்கச் சட்டம் துண்டு துண்டாகவே வளர்ந்தது. பெரும்பாலான தனியார் முதலாளிகள் பொய் கண்டறியும் கருவியைப் பயன்படுத்த 1988-ல் தடை வந்தது. மரபணுத் தகவலைக் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2008-ல் சட்டம் வந்தது. ஒரு கருவிக்குச் சட்டம் வருவதற்குள் அடுத்த கருவி வந்துவிடுகிறது.

2017-ல் கேட் கிராஃபோர்ட், ஜேசன் ஷுல்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அஜுன்வா இந்த இடைவெளியைத்தான் காட்டினார். வேலைத்திறனை அளக்கும் செயலிகளும், ஊழியர் உடல்நலத் திட்டங்களும் அலுவலக வாசலோடு நிற்பதில்லை. வீட்டுக்குள்ளும் உடலுக்குள்ளும் வந்துவிடுகின்றன. ‘ஊழியர் சம்மதித்தாரே’ என்று நிறுவனம் சொல்லலாம். ஆனால் சம்பளத்தை நம்பி இருப்பவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட முடியுமா? அதனால்தான் கருவிக்கொரு சட்டம் போதாது, ஊழியரின் அந்தரங்கத்தையே பாதுகாக்கும் சட்டம் வேண்டும் என்று அந்தக் கட்டுரை வாதிட்டது.

வாட்டர்டவுன் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. தன்னை அளக்கும் கடிகாரமும், அதைப் பிடித்திருந்த கையும் அவர் கண்ணெதிரே இருந்தன. எதிர்க்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்தது. இன்றைய கடிகாரமோ ஊழியரின் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசிக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னை எது அளக்கிறது என்றே தெரியாதவர் எதை எதிர்த்து மனு எழுதுவார்?