நாமகிரித் தாயார் அளித்த விடை

கொங்கு நாட்டுத் திருத்தலங்களுள் நாமக்கல் தனிச் சிறப்பு வாய்ந்தது. சேலத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றே அவ்வூரின் அடையாளம். குன்றின் மேற்புறத்தில் நரசிம்மப் பெருமானும் கீழ்ப்புறத்தில் அரங்கநாதப் பெருமானும் குடைவரைக் கோயில்களில் எழுந்தருளியிருக்கின்றனர். அரங்கநாதர் குடைவரையில் உள்ள கல்வெட்டு, அதனை ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்று குறிக்கிறது. அதியர் மரபில் வந்த குணசீலன் அதனைச் செய்வித்தான் என்றும் கூறுகிறது. இக்குடைவரைகள் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து.

மன்னன் குடைந்த கோயிலில் மக்கள் உள்ளத்தைக் குடைந்து குடிகொண்டவள் நாமகிரித் தாயார். தலவரலாறு கூறுவதைக் கேளுங்கள். பெருமானின் நரசிம்மத் திருக்கோலத்தைக் காண விழைந்த திருமகள் இங்கே தவம் இருந்தாள். கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம் ஒன்றைக் கொணர்ந்த அனுமன், கமலாலயத் தீர்த்தத்தில் நீராடி வருமளவும் அதனைத் தாயாரின் திருக்கரத்தில் ஒப்படைத்தான். குறித்த நேரம் கடந்தும் அவன் திரும்பாமையால் தாயார் அதனைத் தரையில் வைக்க, அதுவே குன்றாக வளர்ந்தது. பெருமானும் அங்கே காட்சி தந்தருளினார். அவ்வனுமனே இன்றும் 18 அடி உயரத் திருவுருவாய், மேற்கூரையின்றி வெயிலையும் மழையையும் ஏற்று, கூப்பிய கையனாய்ப் பெருமானை நோக்கி நிற்கின்றான்.

இவ்வரலாற்றில் ஓர் உட்பொருள் உண்டு. தாயாரே இத்தலத்தில் காத்திருந்தவள். ஆதலின், காத்திருப்போரின் துயரை அவள் நன்கறிவாள். மகப்பேறு வேண்டியும், மணம் வேண்டியும், மனத்தெளிவு வேண்டியும் சேலம், நாமக்கல், ஈரோட்டுச் சீமைகளிலிருந்து அன்பர்கள் அவள் சந்நிதியை நாடி வருவதன் காரணமும் இதுவே போலும். பெருமானிடம் நமக்காகப் பரிந்து பேசுபவள் தாயார் என்பது வைணவப் பெரியோர் கொள்கை. அதனைப் புருஷகாரம் என்பர்.

அங்ஙனம் வந்தவருள் ஒருவரின் யாத்திரை உலக வரலாற்றிலும் இடம்பெற்றது. அவர் கணிதமேதை சீனிவாச இராமாநுஜன்.

இராமாநுஜனின் பிறப்பே இத்தாயாரின் அருளோடு இணைத்துச் சொல்லப்படுவது. மணமாகிச் சில காலம் மகப்பேறின்றி இருந்த தம் மகள் கோமளத்தம்மாளுக்காக, ஈரோட்டு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்த தந்தையார் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டார். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் குழந்தை பிறந்தது. குழந்தை வளர்ந்தது கும்பகோணத்தில். ஆயினும் இல்லத்தில் நாள்தோறும் ஒலித்த நாமம் நாமகிரித் தாயாரின் நாமமே.

கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் கல்லூரித் தேர்வுகளில் தோற்று, வறுமையில் உழன்று, 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார் இராமாநுஜன். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க முயன்றார். சென்னைப் பல்கலைக்கழகமும் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. வழி திறந்தது, ஆனால் கால் எழவில்லை. கடல் கடந்தவன் சாதி ஆசாரம் இழந்தவன் என்று கருதிய காலம் அது. அன்னையின் மனத்தை நோகச் செய்யவும் அவர் துணியவில்லை.

இந்நிலையில், 1913 டிசம்பர் இறுதியில், தம் மேலதிகாரியும் கணித வல்லுநருமான நாராயண ஐயருடன் அவர் நாமக்கல் வந்தார். அப்போது அவருக்கு அகவை 26. இவ்வூருக்கு அந்நாளில் இருப்புப்பாதை கிடையாது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. வந்தவர்கள் கோயில் எல்லையிலேயே மூன்று இரவுகள் படுத்துறங்கினர். முதலிரண்டு இரவுகளில் ஒன்றும் நிகழவில்லை. மூன்றாம் இரவில் இராமாநுஜன் துயிலெழுந்து நாராயண ஐயரை எழுப்பினார். பேரொளி ஒன்றினிடையே தமக்குக் கடல் கடக்க ஆணை கிடைத்ததாகக் கூறினார். இது நாராயண ஐயர் குடும்பத்தார் வழியாக வந்த செய்தி.

மற்றொரு செய்தியும் உண்டு. 1927இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த இராமாநுஜனின் கட்டுரைத் தொகுதியில் அது பதிவாகியுள்ளது. வெள்ளையர் சூழ்ந்த பெரிய மண்டபத்தில் தம் மகன் அமர்ந்திருக்கக் கோமளத்தம்மாள் கனவு கண்டார். மகனது வாழ்வின் நோக்கத்திற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று நாமகிரித் தாயார் அவருக்குக் கட்டளையிட்டாள் என்பது அதன் சாரம். கனவு கண்டவர் மகனா, அன்னையா, இருவருமா என்று வாதிடுவதில் பயன் இல்லை. இரண்டும் ஒன்றையே உணர்த்துகின்றன: தடையாக நின்றது பக்தி அன்று, அச்சம். அவ்வச்சத்தை நீக்கியது பக்தி.

1914 மார்ச் 17ஆம் நாள் இராமாநுஜன் கப்பலேறினார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உடல் நலிந்து 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். கடல் கடந்து சென்று மீண்டபின் பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்று உறவினர் பலர் அவரது இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. தாயார் விடை கொடுத்தாள்; ஊரார் கொடுக்கவில்லை. இதனை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. சந்நிதியில் தெய்வத்தின் திருவுள்ளத்தை வேண்டி நிற்கும் நாம், வெளியே வந்ததும் அதனைவிட ஊரார் வாய்க்கு அஞ்சுகிறோம் அல்லவா?

ஹார்டி பெருமகனார் தெய்வ அருளால் கணிதம் பிறந்தது என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை. இராமாநுஜனின் அறிவு பிற பெருங் கணித மேதைகளின் அறிவைப் போன்றதே என்று அவர் கருதினார். அதனால் அடியார்கள் வருந்த வேண்டுவதில்லை. கற்பலகையில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த இராமாநுஜனின் ஓயா உழைப்பைத் தாயார் ஒருநாளும் தன்னதென்று கொள்ளமாட்டாள். பிள்ளையின் உழைப்பைப் பிள்ளைக்கே விட்டு, அவன் தயங்கி நின்ற வாயிற்படியில் கைபிடித்து ‘போய் வா’ என்று விடை தருபவள் அன்றோ தாய்!

திருப்பணிக்குப் பொருளீந்த பெருமக்களுக்கு இதனால் ஒன்று விளங்கும். விமானத்துக் கலசமும் கோபுரத்து வண்ணமும் கண்ணுக்குத் தெரியும் அறங்கள். எளியவர் ஒருவர் தலைசாய்க்க இடம் தரும் கல் தளமும், அவர் அருகே எரியும் விளக்கும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. அன்று அந்தத் தரையில் படுத்திருந்தவர் யார் என்பதைக் கோயிலார் எவரும் அறிந்திருக்க முடியாது. நாளை இம்மண்டபங்களில் அமர்ந்து, விடை தெரியாத வினாவொன்றைத் தாயார் திருவடியில் வைக்கப் போகிறவர் யார் என்பதையும் நாம் அறியோம். அவருக்காகவே இத்திருப்பணி, அவருக்காகவே இக்குடமுழுக்கு.

நாமகிரித் தாயார் திருவடிகள் வாழ்க! அவள் அருளால் அனைவர் அச்சமும் அகல்க!