முற்றுகைப் படத்தில் இல்லாதவர்கள்

புதுச்சேரி முற்றுகையைக் காட்டும் பழைய செப்புத்தகட்டு அச்சுப் படமொன்றின் நகலை ராகலை மாணவரோடு விரித்துப் பார்த்தோம். கோட்டை, முள்வேலி, பீரங்கி மேடை யாவும் நுணுக்கமாக வரையப்பட்டிருந்தன.

1760 நவம்பரில் உணவு குறையவே, பிரெஞ்சுத் தளபதி லாலி நகரிலிருந்த நம்மவர் 1,400 பேரை வெளியே துரத்தினான். ஆங்கிலேயரோ வழிவிட மறுத்தனர். பெண்டு பிள்ளைகளோடு எட்டு நாட்கள், புல்வேரைத் தின்று, இரு படைகளுக்குமிடையே கிடந்தனர்; பிறகே தளபதி கூட் வழிவிட்டான். 1761 ஜனவரி 16இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1766இல் லாலியின் தலை பாரிஸில் வெட்டப்பட்டது, அரசனின் நலனைக் காட்டிக்கொடுத்தானென்று! பட்டினி கிடந்தோரின் நலனையன்று.

அவர்கள் கிடந்த வெட்டவெளி, படத்தில் வெறுந்தாள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு இரு நாடுகளுக்கிடையே நின்றவர்களின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி அங்கே விரலை வைத்துக் கேட்டாள்:

“அவங்க பிறகு எங்க போனாங்க, சேர்?”