சுவரிற் கண்ட கணிதம்

கணிதம் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், அத்துறையிற் புகுந்து பேராசிரியை ஆனவர் ருஷ்ய நாட்டுச் சோபியா கோவலெவ்ஸ்கயா. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1850-ஆம் ஆண்டு மாஸ்கோவிற் பிறந்த சோபியா, நாட்டுப்புறத்து மாளிகையொன்றில் வளர்ந்தார். சுவர்களுக்கு வண்ணத்தாள் ஒட்டியபோது, குழந்தைகள் அறைக்குத் தாள் போதவில்லை. தந்தையார் இளமையில் வாங்கி வைத்திருந்த நுண்கணித விரிவுரைத் தாள்களை அங்கே ஒட்டிவிட்டனர். பொருள் விளங்காத அக்குறிகளைச் சிறுமி மணிக்கணக்கில் நோக்கி நிற்பாராம். பின்னாளில் நுண்கணிதம் கற்பித்த ஆசிரியர், முன்பே அறிந்தவர்போல் அவர் விரைந்து பற்றிக்கொண்டது கண்டு வியந்தார்.

அந்நாளில் ருஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. வெளிநாடு செல்வதற்கோ தந்தை அல்லது கணவரின் இசைவு வேண்டும். ஆதலின் 1868-இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கி என்பாரைப் பெயரளவில் மணந்து, மறு ஆண்டு ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகமும் கதவடைத்தது. எனினும் அங்கிருந்த பேரறிஞர் வையர்ஸ்ட்ராஸ் நான்காண்டுகள் தனியே பாடஞ்சொன்னார். 1874-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. தாய்நாட்டில் அவருக்கு எட்டிய வேலை, பள்ளிச் சிறுமியர்க்கு எண்கணிதம் கற்பிப்பது ஒன்றே. மனம் நொந்து சில ஆண்டுகள் கணிதத்தையே விட்டிருந்தார். பெயரளவில் தொடங்கிய மணம் மெய்யான இல்லறமாகி ஒரு பெண்மகவும் பிறந்தது. 1883-இல் கணவர் மாண்டார். அந்நிலையில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் அழைத்தது. 1884-இல் அங்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

1888-இல் பாரிஸ் அறிவியற் கழகம் நடத்திய போட்டியில், நிலைத்த புள்ளியொன்றைப் பற்றிச் சுழலும் திண்பொருளின் இயக்கம் குறித்து அவர் எழுதிய கட்டுரை வென்றது. எழுதியவர் பெயரை மறைத்தே அனுப்ப வேண்டும் என்பது போட்டியின் விதி. கட்டுரையின் சிறப்புணர்ந்த நடுவர்கள் 3,000 பிராங்குப் பரிசை 5,000 ஆக உயர்த்தினர். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நிலையான பேராசிரியை ஆனார். 1891-இல், நாற்பத்தோராம் வயதில், அந்நகரிலேயே மறைந்தார்.

பெயர் மறைந்திருந்தபோது திறமை ஒன்றே எடையிடப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர் நாம். கல்வியின் பொருட்டு நாடுவிட்டுச் சென்றவர் அவர். நம் பெண்மக்கள் கணக்கேட்டைக் கையிலெடுக்கும்போது, 'உனக்கு இது எதற்கு?' என்னும் சொல் நம் இல்லங்களில் எழாதிருப்பதாக!