மோனே வரையாமல் விட்டது!

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறி, தினம் சென்னைக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் அர்ஜான்தெய் என்ற ஊர் உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். அது பாரீஸின் நெமிலிச்சேரி! அங்கே ரயில் வந்தது 1851-ல். நெமிலிச்சேரி வழியாகப் போகும் நம்ம ராயபுரம் - வாலாஜா ரோடு பாதை திறந்தது 1856-ல். நமக்குப் பக்கத்தில் கூவம். அவர்களுக்கு ஸேன் நதி.

1871 கடைசியில் ஓவியர் க்ளாட் மோனே அங்கே குடிபோனார். ஒரு படகின் மேல் சின்ன அறை கட்டி, அதையே மிதக்கும் ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். பாரீஸ் கலையுலகம் அப்போது மதித்ததெல்லாம் புராணக் காட்சிகளையும் போர்க்களங்களையும்தான். மோனே வரைந்ததோ ரயில் பாலம்! பிரஷ்யப் போரில் தகர்க்கப்பட்டு, புதிதாகக் கட்டிய பாலம். மேலே புகை கக்கும் ரயில், கீழே பாய்மரப் படகு... 'இதெல்லாம் ஒரு ஓவியமா?' என்று சிரித்தார்கள். 1874-ல் மோனேயும் நண்பர்களும் நடத்திய கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஒரு பத்திரிகை விமரிசகர் கேலியாக வைத்த பெயர்தான் 'இம்ப்ரெஷனிஸ்ட்'!

ஆனால், அந்த ஓவியங்களில் ஒன்று மட்டும் இல்லை. நாற்றம்!

மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரீஸைப் பளபளவென்று மாற்றினார்கள். அகலமான சாலைகள், பூமிக்கடியில் பிரமாதமான சாக்கடைகள். சரி, அந்தச் சாக்கடையெல்லாம் எங்கே போனது? நகரத்தைத் தாண்டி, ஸேன் நதியில்! அங்கிருந்து ஆற்றோடு அர்ஜான்தெய்க்கு. மோனேயின் தூரிகை தண்ணீரில் வெயிலைத்தான் பார்த்தது. 1878-ல் அவர் ஊரைக் காலி செய்தபோது ஆறு பாழாகிக்கொண்டிருந்தது. 1923-ல் பாரீஸில் ஸேனில் குளிக்கத் தடையே போட்டார்கள். சுமார் 140 கோடி யூரோ கொட்டி, பொதுமக்கள் மறுபடி இறங்கிக் குளித்தது 2025-ல். நூறு வருஷம்!

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். தண்ணீரில் கலந்த கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது ஒரு கணக்கு. குளிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கைப்படி, ஆவடி முதல் சத்யா நகர் வரை கூவத்தில் அது 345! இந்தியாவிலேயே மோசம்.

கவனித்தீர்களா, அந்தக் கணக்கு ஆவடியில்தான் ஆரம்பிக்கிறது. நெமிலிச்சேரி அதற்கு மேற்கே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. புது நகர்கள் அங்கேயும் முளைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிவட்டச் சாலை கூவத்தைத் தாண்டும் பாலத்தைப் பார்த்தால் மோனே தூரிகையை எடுத்திருப்பார். நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: புது வீடுகளின் கழிவுநீர் எங்கே போகிறது?